மூடிப் பார்க்கச் சொன்னவர்

2019 பிப்ரவரி 19, செவ்வாய்க்கிழமை. காலை 5.20க்கு எழுந்தேன். 5.45க்குப் பால் பூத். இரண்டு பாக்கெட் பால், ஒரு தயிர். குளிர் குறைந்துவிட்டதால் ஸ்வெட்டர் மட்டும், மஃப்ளர் இல்லை. மகளுக்கு டிபன் டப்பாவில் எலுமிச்சை சாதம் அடைத்தேன். 7.10க்குச் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பினேன். குவார்ட்டர்ஸ் மனைவியின் பெயரில். அவள் மத்திய அரசு ஊழியர். 7.50க்கு ஆய்வுக்கூடத்தின் பூட்டைத் திறந்து விளக்கைச் சூடேற விட்டேன்.

அன்றைய டைரியில் இவ்வளவும் இருக்கிறது. கடைசி வரியாக, 'மேடம் ஊரிலிருந்து வந்துவிட்டார், காரச்சேவு' என்று ஒரு குறிப்பும் இருக்கிறது. நடந்தது அதைவிட அதிகம். அன்று எழுதக் கை வரவில்லை.

அந்த மேடத்தின் பெயரை இப்போதும் எழுதப் போவதில்லை. பெயரை மூடிவிட்டுப் பார்த்தாலும் ஆள் தெரிகிறாரா என்று பாருங்கள் என்று அவரே சொல்லியிருப்பார்.

நான் வேலை பார்ப்பது தெற்கு தில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில், தொழில்நுட்ப அலுவலராக. எங்களிடம் சூரியனைப் போலவே வெளிச்சம் தரும் ஒரு விளக்கு இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் செய்து தரும் சோலார் செல்லை அதன் அடியில் வைத்து, எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று அளந்து, ரெஜிஸ்டரில் எழுதுவது என் பொறுப்பு. அதுவரை பன்னிரண்டு வருஷத்தில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் எங்கள் பேராசிரியர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

மேடம் 2016 ஜூலையில் ஒப்பந்த விஞ்ஞானியாக வந்தார். வயது முப்பத்துநாலு, சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். முதல் நாளே என்னை "அண்ணாச்சி" என்றார். நான் திருச்சிக்காரன். எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடை வைத்திருப்பவர். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பழகிவிட்டது.

வந்த இரண்டாம் வாரமே என் பெருமைக்கு முதல் அடி விழுந்தது. விளக்கின் அளவீடு தினமும் பதினோரு மணி வாக்கில் ஐந்து நிமிஷம் துள்ளும். ஸ்டெபிலைசர் கோளாறு என்று நான்கு மாதமாக எழுதி, இரண்டு தடவை ஆளைக் கூப்பிட்டுப் பிரித்துப் பார்த்தாயிற்று. அவர் பத்தே முக்காலுக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, மேலே இருந்த சின்னக் கண்ணாடி ஜன்னலை ஒரு அட்டையால் மூடினார். அன்று துள்ளவில்லை. அட்டையை எடுத்தார், துள்ளியது. எதிர் ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒரு எவர்சில்வர் தண்ணீர்த் தொட்டி. அந்த நேரத்தில் அதில் பட்ட வெயில் நேராக எங்கள் மேஜைக்கு வந்துகொண்டிருந்தது.

"எதையும் மூடிப் பாக்கணும் அண்ணாச்சி. மூடினா போயிருதா, மூடினாலும் நிக்குதான்னு பாத்தா அது யாருதுன்னு தெரிஞ்சிரும்."

இதுதான் அவர். ஒரு நல்ல செய்தி வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் எதையாவது மூடிப் பார்ப்பார். கேன்டீனில் புதிய சமையல்காரரின் சாம்பாரை எல்லோரும் புகழ்ந்தபோது, இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி குடித்துவிட்டு, பெருங்காயத்தைத் தவிர அதில் ஒன்றுமில்லை என்று அறிவித்தார். சமையல்காரர் ஒரு வாரம் இவருக்கு அப்பளம் வைக்கவில்லை.

முனிர்காவில் அறை பார்க்கப் போனபோது என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். வீட்டுக்காரர் ஹரியானாப் பக்கத்து ஜாட், மீசையும் கைத்தடியுமாக முன்னால் போய் விளக்கைப் போட்டு, பார்த்தீர்களா எவ்வளவு ரோஷ்னி என்றார். இவர் போய் விளக்கை அணைத்தார். கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஜன்னலை மூடினார், அது போயிற்று. அப்புறம் ஜன்னலைத் திறந்து, எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாவிடம் அவர்கள் வராந்தா ட்யூப்லைட்டை ஒரு நிமிஷம் அணைக்க முடியுமா என்று கேட்டார். அந்த அம்மா ஒன்றும் புரியாமல் அணைத்தார். அறை இருண்டது. பகல் பன்னிரண்டரை மணி.

"மேடம்ஜி, கம்ரா லேனா ஹை யா ஆபரேஷன் கர்னா ஹை?" என்று கேட்டார் வீட்டுக்காரர், அறை எடுக்க வந்தீர்களா, ஆபரேஷன் பண்ண வந்தீர்களா என்று.

வெளியே வந்ததும், வேறு இடம் பார்க்கலாமா என்றேன். இல்லை, இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றார். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்துவிட்டதாம். அந்த இருட்டறையில் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தார். வீட்டுக்காரர் போகப்போக இவருடைய ரசிகராகி, புதிதாக யார் அறை பார்க்க வந்தாலும் தானே விளக்கை அணைத்துக் காட்ட ஆரம்பித்தார் என்று கேள்வி.

அவருடைய ஆராய்ச்சி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தச் செவ்வாய்க்கிழமை புரியாது.

எங்கள் செல் ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் படிந்த சிலிக்கான் படலம். தலைமுடியின் தடிமனில் இருநூறில் ஒரு பங்குதான் இருக்கும். மெல்லியதாக இருப்பதால் பொருள் மிச்சம். ஆனால் அதனாலேயே தொல்லையும். நீல வெளிச்சம் நுழைந்ததும் அகப்பட்டுக்கொள்ளும். சிவப்பு வெளிச்சம் படலத்தைத் தாண்டிப் போய், பின்னால் பூசியிருக்கும் வெள்ளியில் பட்டு, வந்த வழியே வெளியே போய்விடும். அதைப் போகவிடாமல் பிடிப்பது அவர் வேலை. வெள்ளியைச் சமதளமாக விடாமல், கண்ணுக்கே தெரியாத பொடி மேடுகளாகச் செய்துவிட்டால், வெளிச்சம் நேராகத் திரும்ப முடியாமல் பக்கவாட்டில் சிதறிப் படலத்துக்குள்ளேயே வெகுதூரம் அலையும். அலைய அலைய மின்சாரம்.

"விருந்தாளிய வாசலோட அனுப்பிரக் கூடாது. அடுக்களை, மச்சு, தோட்டம்னு சுத்திக் காட்டணும். அதுக்குள்ள பந்தியில உக்காந்திருவாங்க," என்பார்.

மேடுகளைச் செய்ய, நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள் கலந்த திரவத்தை ஒரு தட்டுத் தண்ணீரின் மேல் சொட்டுச் சொட்டாக விடுவார். மணிகள் மிதந்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, ஒரே அடுக்காக நிற்கும். தண்ணீரின் மேல் மயில் நிறம் ஓடும். கண்ணாடியை அடியிலிருந்து மெல்லத் தூக்கி அந்த அடுக்கை அப்படியே வாங்கிக்கொள்வார். அதை அச்சாக வைத்து மேலே வெள்ளி. அந்த அரைமணி நேரம் மின்விசிறி கூடாது, கதவு திறக்கக் கூடாது. மே மாதத்தில் வெளியே நாற்பத்துநாலு டிகிரி. கதவில் மூன்று மொழிகளில் அறிவிப்பு ஒட்டியிருந்தார். ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் உள்ளே வராதீர்கள் என்று இருக்கும். தமிழில் மட்டும் 'அண்ணாச்சி, தும்மாதீங்க' என்று இருக்கும்.

சமதளச் செல் ஊதாக் கண்ணாடி மாதிரி பளபளக்கும். பளபளத்தால் வெளிச்சம் திரும்பிப் போகிறது என்று அர்த்தம். மேடு சரியாக அமைந்த செல் மங்கிக் கறுத்துவிடும். அப்படி ஒன்று வந்துவிட்டால் அதை இரண்டு விரலில் பிடித்து ஜன்னலோரம் கொண்டுவந்து காட்டுவார். "கறுத்துட்டா பாருங்க. கறுப்பாப் பொறந்தேன்னு ஊர்ல என்னைய என்ன பாடு படுத்துனாங்க. இங்க கறுத்தாத்தான் மரியாதை."

என் மகள் பிளஸ் டூ படித்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார். மகள் தில்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. பொருளாதாரமா உளவியலா என்று ஒரு மாதமாக வீட்டை ரெண்டு பண்ணிக்கொண்டிருந்தாள். இவர் ஒரு தாளில் இரண்டையும் எழுதச் சொன்னார். ஒன்றை உள்ளங்கையால் மூடு, அது இனிமேல் இல்லை என்று வைத்துக்கொள், எதை மூடினால் உடனே கையை எடுக்கத் தோன்றுகிறதோ அதுதான் உனக்கு என்றார். மகள் இரண்டையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இரண்டையும் மூடினா ரொம்ப நிம்மதியா இருக்கு," என்றாள். அவர் புரையேறச் சிரித்தார். கடைசியில் உளவியல் படித்தாள்.

இனி என் விஷயம். எங்கள் செல் ஒவ்வொன்றும் படலத்தின் மேல் நான்கு மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு கட்டம். படலம் கட்டத்தைத் தாண்டியும் பரவியிருக்கும். அளக்கும்போது, கட்டத்தின் அளவுக்கு ஓட்டை போட்ட ஒரு கறுப்புத் தகட்டை மேலே வைத்தால், வெளிச்சம் கட்டத்தின் மேல் மட்டும் விழும். இதை மாஸ்க் என்போம். சமதளச் செல்லில் வெளிச்சம் நேராகப் போய் நேராக வருவதால், மாஸ்க் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பெரிய வித்தியாசம் இராது. எனவே அவர் வரும்வரை நாங்கள் வைத்ததில்லை. மேடுள்ள செல்லில் வெளிச்சம் பக்கவாட்டில் அலைகிறதல்லவா? கட்டத்துக்கு வெளியே விழுந்ததும் அலைந்து உள்ளே வந்துசேரும். அளக்கிறவன் அதையும் அந்தச் சின்னக் கட்டத்தின் சம்பாத்தியமாக எழுதிவிடுவான். அதனால் அவர் மாஸ்க்கைக் கட்டாயமாக்கி, என் ரெஜிஸ்டரில் 'மாஸ்க்: ஆம் / இல்லை' என்று புதிதாக ஒரு பத்தியும் சேர்த்தார். பூதக்கண்ணாடி வைத்து ஓட்டையைக் கட்டத்தோடு பொருத்த ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிஷம். என் ரெஜிஸ்டரில் இன்னொருவர் கோடு போட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 8ஆம் தேதி தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். போகுமுன் எட்டுக் கட்டங்கள் கொண்ட புதிய சில்லு ஒன்றைத் தந்தார். பார்த்ததிலேயே அதுதான் கறுப்பு. புதிய மாஸ்க்கை ஒரு உறையில் போட்டு, டேப் ஒட்டி, என் மேஜை டிராயரில் வைத்தார். 21ஆம் தேதி எங்கள் திட்டத்தை மதிப்பிட வெளியிலிருந்து குழு வருகிறது. எண் நன்றாக இருந்தால் திட்டம் மூன்று வருஷம் நீளும். இல்லாவிட்டால் மார்ச் 31ஓடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. அவர் சம்பளத்தில்தான் தங்கை கல்யாணமே நடந்தது என்பது எனக்குத் தெரியும்.

11ஆம் தேதி திங்கட்கிழமை அளந்தேன். முதல் கட்டத்தை மாஸ்க் இல்லாமல், சும்மா பார்க்கலாம் என்று வைத்தேன். சமதளச் செல்லில் சதுர சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டு புள்ளி ஒன்று மில்லிஆம்ப் வரும். இதில் பதினாறு புள்ளி நான்கு. எழுந்து நின்றுவிட்டேன். மற்ற ஏழு கட்டங்களையும் அதே மாதிரி அளந்தேன். எல்லாம் பதினாறுக்கு மேல். இவ்வளவு பெரிய எண்ணில் மாஸ்க் எவ்வளவு குறைத்துவிடும், கொஞ்சம்தானே என்று நினைத்தேன். மாஸ்க் பத்தியைக் காலியாக விட்டேன். பேராசிரியர் லக்னோக்காரர், என்னை 'அன்னா' என்று கூப்பிடுவார். "அன்னா, கமால் கர் தியா," அசத்திவிட்டாய் என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மறுநாள் பேராசிரியர் என்னையும் தன் அறையில் உட்காரவைத்து, மேடத்தை போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார். கல்யாண வீட்டு இரைச்சல், யாரோ பந்தலுக்குக் கயிறு கேட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணைச் சொன்னதும் மேடம் கேட்டது இவ்வளவுதான்.

"அண்ணாச்சி, மூடிப் பாத்தியளா?"

பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இந்த ஒரு வாக்கியம் எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சிரித்து, என்ன பதில் என்பதுபோல் என்னைப் பார்த்தார். மூன்று வருஷம் முன்னால் வந்த ஒருவர், பன்னிரண்டு வருஷமாக அளப்பவனை, பேராசிரியர் முன்னால் கேட்கிறார் என்று தோன்றியது. "பார்த்தேன்," என்றேன்.

என் இடத்துக்கு வந்து, காலியாக இருந்த எட்டு இடங்களிலும், முந்தின நாள் எழுதிய அதே பேனாவால், 'ஆம்' என்று எழுதினேன். அன்றே எண் அறிக்கையில் ஏறிக் குழுவுக்குப் போய்விட்டது.

பிறகு நடந்தவற்றில் நல்ல பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். திட்டம் ஆறு மாதம் நீண்டது. அந்த வருஷம் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை, பழைய ரெஜிஸ்டர்களில் இருந்த செல்களில் நாற்பதைத் தேடி எடுத்து, அவரும் நானுமாக மாஸ்க் வைத்து மறுபடி அளந்தோம். ஏசி இல்லாத அறை, ஆளுக்கொரு ஈரத்துண்டு. ஒவ்வொன்றும் பழைய எண்ணோடு ஒத்துப்போகும்போது அவர், "அண்ணாச்சி பாஸ்," என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி அறிவிப்பார். முப்பத்தொன்பது பாஸ். ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை, அதற்கு மட்டும் ஒரு நாள் முழுக்கக் கேலி. செப்டம்பரில் குஜராத்தில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். இப்போதும் எப்போதாவது வாட்ஸ்அப்பில் ஒரு கறுப்புச் சதுரத்தின் படம் வரும். கீழே ஒன்றும் எழுதியிருக்க மாட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்தார். காரச்சேவுப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாமா பந்தியில் மூன்று தடவை உட்கார்ந்த கதையைச் சொல்லிக்கொண்டே டிராயரைத் திறந்து உறையை எடுத்தார். டேப் அவர் ஒட்டியபடியே இருந்தது. அதை விரலால் ஒருமுறை தடவினார். கதை பாதியில் நின்றது. என் பக்கம் திரும்பாமல் உறையைக் கிழித்து, மாஸ்க்கையும் ரெஜிஸ்டரையும் எடுத்துக்கொண்டு விளக்கறைக்குப் போனார்.

பன்னிரண்டே முக்காலுக்கு இரண்டு கட்டங்களை மூன்று மூன்று தடவை அளந்து முடித்தார். பதின்மூன்று புள்ளி எட்டு. பதின்மூன்று புள்ளி ஏழு. சமதளத்தைவிட அதிகம்தான்; அவர் வேலை வீண் இல்லை. ஆனால் பதினாறு இல்லை.

பேராசிரியரைக் கூப்பிட்டு அவரே சொன்னார். முந்தின அளவு மாஸ்க் இல்லாமல் எடுத்தது, பக்கத்தில் விழுந்த வெளிச்சத்தையும் சேர்த்து எண்ணியிருக்கிறோம் என்றார். பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அறிக்கை போய்விட்டதே, வேறு சில இடங்களிலும் மாஸ்க் இல்லாமல்தானே அளக்கிறார்கள், வியாழக்கிழமை கழியட்டுமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல, இவருக்காகத்தான் சொன்னார். இவர் ஒப்பவில்லை, மாஸ்க் வைத்த எண்ணையே குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்றார். எப்படி இப்படி ஆயிற்று என்று பேராசிரியர் கேட்டதற்கு, தவறு என்னுடையது, ஊருக்குப் போகிற அவசரத்தில் மாஸ்க்கைத் தயாராக வைக்காமல் போய்விட்டேன், அண்ணாச்சி பழைய முறையிலேயே அளந்திருக்கிறார் என்றார். ரெஜிஸ்டரில் 'ஆம்' என்று இருந்ததைப் பேராசிரியர் பார்த்திருக்கவில்லை, போனில் நான் சொன்ன தமிழ்ப் பதிலையும் நினைவில் வைத்திருக்கவில்லை. கிழித்த உறை இவருடைய கோட்டுப் பையில் இருந்தது.

பேராசிரியர் போனபின் நாங்கள் இருவர் மட்டும்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"எனக்கு மார்ச்சோட முடியுது அண்ணாச்சி. நீங்க இன்னும் எட்டு வருஷம் இங்க இருக்கணும். ரெஜிஸ்டர்ல ஒரு எடத்துல பொய்னு தெரிஞ்சா, பன்னெண்டு வருஷமா எழுதினதையும் யாரும் நம்ப மாட்டாங்க."

"என்கிட்ட கோபம் இல்லையா?"

"நெறய இருக்கு," என்றார். "நேரா கேட்டேன்ல? பாக்கலேன்னு சொல்லியிருந்தா கல்யாண வீட்டுல ஒரு வாய் நிம்மதியாச் சாப்பிட்டிருப்பேன். ஒரு வாரமா மனசுல அந்த நம்பரு. தங்கச்சிக்குத் தாலி கட்டும்போதுகூட பதினாறு பதினாறுன்னு ஓடுது. அது நெசமாவே இருக்கக் கூடாதான்னு எனக்கும் ஆசைதான."

காரச்சேவைப் பிரித்து என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை. அவர் நிதானமாகச் சாப்பிட்டார். பிறகு மீதி ஆறு கட்டங்களை அளக்கப் போனார். ஓட்டையைப் பொருத்த இன்னொரு கை வேண்டியிருந்தது. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். ஐந்தரை வரைக்கும் அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே முழுவதும் கேட்டாள். இருபத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவள். அந்தப் பெண் எழுந்து நின்று தன் தவறு என்று சொன்னபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். நின்றுகொண்டிருந்தேன் என்றேன். "வேலை போகப்போறவ தலையில இன்னொரு தப்பையும் ஏத்தி அனுப்பறீங்க. நாளைக்கு வேற இடத்துல அவளைப் பத்தி உங்க ப்ரொஃபஸரைத்தானே கேப்பாங்க?" என்றாள். நான் இதை யோசித்திருக்கவில்லை. பன்னிரண்டு வருஷ ரெஜிஸ்டரையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் புதன்கிழமை. 7.35க்குப் பூட்டைத் திறந்தேன். விளக்கைப் போடவில்லை. முதல் வேலையாக 11ஆம் தேதிப் பக்கத்தை எடுத்து, எட்டு 'ஆம்'களையும் ஒவ்வொன்றாக ஒரே கோட்டில், அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி அடித்தேன். பக்கத்தில் 'இல்லை' என்று எழுதினேன். உறை பிரிக்கப்படவில்லை என்றும், கேட்டபோது பொய் சொன்னேன் என்றும் கீழே இரண்டு வரி எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டேன். பிறகு ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் பூட்டிய அறைக்கு வெளியே போய் நின்றேன். 8.20க்கு அவர் சாவியோடு வந்தார்.